வெளியில் வாங்கிய எக்சாஸ்ட் ஹெடருக்கு எந்த போல்ட் போடுவது, எவ்வளவு இறுக்குவது?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: கம்பெனி அல்லாத ஹெடர் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுத்துப் போகும் குழாய்த் தொகுதி) ஒன்று வாங்கியிருக்கிறார், போல்ட் எதுவும் கூட வரவில்லை, "12.9 ஆலன் போல்ட் போட்டு நல்லா இறுக்கிடுங்க, போதும்" என்கிறார்களாம். சரியா என்கிறார்.

போதாது. முதலில் வெர்னியரை எடுத்து அந்த ஹெடரின் ஃபிளாஞ்ச் (இன்ஜினோடு ஒட்டி உட்காரும் தட்டு) எத்தனை மில்லி கனம் என்று அளந்து பாருங்கள். கிரேடைப் பற்றி (12.9 என்பது போல்ட்டின் கிரேடு எண்தான்) அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் பட்டறை வைத்திருப்பவன் இல்லை. என் காரையும் சொந்தக்காரர்கள் கார்களையும் விடுமுறை நாட்களில் பிரித்துப் பூட்டுபவன், அவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்ல வருபவர்கள் பதிலை முழுசாகப் படித்துவிட்டு வரட்டும்.

என் மச்சான் இதே மாதிரி ஒரு ஹெடர் வாங்கி ஒரு பட்டறையில் மாட்டினான். சில நாளிலேயே காலையில் வண்டியை எடுத்தால் டிக் டிக் என்று சத்தம், இன்ஜின் சூடானதும் குறைந்துவிடும். பட்டறையில் "டேப்பட் சத்தம் சார், ஆயில் மாத்துங்க" என்றார்களாம். ஆயிலும் மாற்றினான். குளிரில் வந்து சூட்டில் அடங்கும் சத்தம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எக்சாஸ்ட் கசிவைத்தான். உலோகம் சூட்டில் விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். வண்டியை என்னிடம் கொண்டுவரச் சொன்னேன்.

ஓரத்து போல்ட்டில் ஆலன் கீயை வைத்துத் திருப்பினேன். எதிர்ப்பே இல்லை. விரலாலேயே சுழன்று வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் போல்ட்டின் நுனியில் அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஹெடரை மாட்டும் சிலிண்டர் ஹெட்டின் மரைதான் அது. போல்ட் தலையில் 12.9 என்று அழகாக அச்சு. அதற்கு ஒரு கீறல்கூட இல்லை.

கணக்குப் போட்டால் விஷயம் புரிந்துவிடும். பழைய போல்ட் எம்8 (அதாவது 8 மில்லி விட்டம்), 20 மில்லி நீளம். பட்டறையில் அதே நீளத்தில் 12.9 வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் புது ஹெடரின் ஃபிளாஞ்ச் 12 மில்லி, கசிவை அடைக்கும் கேஸ்கெட் 1, போதாக்குறைக்கு ஸ்பிரிங் வாஷர் 2. மீதி 5 மில்லி. எம்8 சாதாரண மரையின் பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) 1.25 மில்லி, ஆக மொத்தம் நாலே நாலு மரை ஹெட்டுக்குள் பிடித்திருக்கிறது. அலுமினியத்தில் போல்ட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது, முடிந்தால் இரண்டு மடங்கு, உள்ளே போக வேண்டும். எம்8க்கு அது 12 முதல் 16 மில்லி. இரும்பாக இருந்தால் ஒரு மடங்கே போதும்.

12.9 என்பதில் முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவிசை வலிமை, 1200 மெகாபாஸ்கல். அதில் 90 சதவீதம் வரை இழுத்தாலும் போல்ட் நீண்டு பழைய நீளத்துக்குத் திரும்பும் என்பதைப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 9 சொல்கிறது. 8.8 என்றால் 800, அதில் 80 சதவீதம். எல்லாம் போல்ட்டின் பலம். அது போய்ப் பிடித்திருக்கும் அலுமினியத்தின் பலத்தை அந்த எண் சொல்லாது. போல்ட் எவ்வளவு முரடோ, அவ்வளவு சுலபமாக எதிராளியின் மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். ஹெடருக்கு 8.8 தாராளம், 10.9 கிடைத்தாலும் சரி. துருப்பிடிக்காதே என்று ஸ்டெயின்லெஸ் பக்கம் போகிறீர்களானால், சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 போல்ட்டின் வலிமை 700தான். 8.8ஐ விடக் குறைவு. போடக்கூடாது என்று சொல்லவில்லை, தெரிந்து போடுங்கள்.

மச்சான் ஹெட்டில் பெயர்ந்திருந்த ஓட்டைகளைத் துளைத்து, ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) டேப்பால் மரை வெட்டி, சுருளை இறக்கி, 30 மில்லி போல்ட் மாட்டினேன். நீளத்தைக் கூட்டும்போது எதிர்ப்பக்க ஆபத்தையும் பாருங்கள். ஓட்டையின் ஆழத்தை வெர்னியரின் வால் கம்பியால் அளந்து, போல்ட் நுனிக்கும் அடிக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லி இடைவெளி விட வேண்டும். அடியில் முட்டினால் டார்க் ரெஞ்ச் (டார்க், அதாவது முறுக்கு, வைத்த அளவை எட்டியதும் சொல்லும் ஸ்பேனர்) 'கிளிக்' என்று சத்தியம் செய்யும், ஃபிளாஞ்சோ ஆடிக்கொண்டிருக்கும். ஓட்டைக்குள் எண்ணெய், தண்ணீர் தேங்கியிருந்தாலும் ஆபத்து. போக வழியில்லாத திரவம் ஹெட்டையே விரிசல் விட வைக்கும்.

எவ்வளவு இறுக்குவது? உங்கள் இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கு என்ன இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். பொதுவாக எம்8, 8.8 போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் சுமார். 10.9க்கு அட்டவணை 35 வரை சொல்லும், ஆனால் அலுமினிய ஹெட்டில் அந்த அளவுக்குப் போகாதீர்கள். அட்டவணை பெரும்பாலும் இரும்பு நட்டை மனதில் வைத்துப் போட்டது.

பலரும் கோட்டை விடும் இடம் அடுத்தது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி தலைக்கு அடியில் உராய்விலேயே போய்விடுகிறது. இன்னொரு நாற்பது சதவீதம் மரையில். போல்ட்டை இழுத்து நீட்டிப் பிடிமானம் கொடுப்பது மிச்சமுள்ள பத்து சதவீதம்தான். மரையில் ஆன்டி சீஸ் (போல்ட் இறுகி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் போடும் பசை) தடவினால் உராய்வு குறைந்து, அதே 25இல் போல்ட் பல மடங்கு அதிகம் இழுபடலாம் என்று பயப்பட வேண்டாம், ஆனால் கணிசமாகவே இழுபடும். ஐந்தில் ஒரு பங்காவது குறைத்துக்கொள்ளுங்கள். ஏஆர்பி மாதிரி போல்ட் தயாரிப்பவர்கள் தங்கள் பசையையும் அதற்கான டார்க்கையும் ஜோடியாகவே கொடுப்பது இதனால்தான். அந்த ஜோடியைப் பிரிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் முதலில் கையால் ஓட்டிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று தவணையாக இறுக்குங்கள். வண்டியை ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஒரு சுற்று. ஸ்பிரிங் வாஷர் போட்டால் கழலாது என்று கமெண்டில் யாராவது வருவார்கள். 1990இல் நாசா வெளியிட்ட போல்ட் கையேடு, இறுக்கியபின் அது சாதாரண வாஷராகத் தட்டையாகிவிடும், கழலாமல் பிடிக்க உதவாது என்கிறது. என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

டார்க் ரெஞ்ச் என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். இதை இரவல் கேட்பவர்கள் எல்லோரும் துருப்பிடித்த வீல் நட்டைக் கழற்றத்தான் கேட்கிறார்கள். கழற்றுவதற்கு அதைத் தொடவே கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் கீழ்க்கோட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாலும், 110இல் வைத்தபடியே திரும்பி வருகிறது, அதுவும் நானே போய்க் கேட்டால். நம்பிக்கை போய், புதிதாக ஒன்று வாங்கினேன். பழையது இப்போது இரவலுக்கு மட்டும்.

பழைய போல்ட்டையே போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நீளம் சரியாக வந்து, மரை சுத்தமாக இருந்து, கண்ணாடித் தட்டில் உருட்டினால் வளைவு தெரியாவிட்டால் போடலாம். மேனுவலில் டார்க்கோடு, அதன்பின் இத்தனை டிகிரி திருப்பு என்று கோணமும் சேர்த்துக் கொடுத்து, புதிது போடச் சொல்லியிருந்தால் மட்டும் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்த வகை ஒருமுறை இறுக்கும்போதே நிரந்தரமாக நீண்டுவிடும்.