பூட்டிய அறையில் யாருக்கு முதலிடம்?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள் வார இறுதிகளில் ஆன்லைனில் ‘எஸ்கேப் சிமுலேட்டர்’ என்ற தப்பிக்கும் அறை ஆட்டத்தை விளையாடுகிறோம். ஒருவர் அறையையே புரட்டிப் போட்டுத் தேடுவார்; ஒருவர் முதலில் கண்ணில் பட்ட புதிரோடு உட்கார்ந்துவிடுவார்; ஒருவர் பூட்டின் எண்களைத் திருகிக்கொண்டே இருப்பார்; நான் எல்லோரையும் ஒருங்கிணைக்க முயல்வேன். இந்த நான்கு ஆட்ட முறைகளையும் எப்படி வரிசைப்படுத்துவீர்கள்?

பதில்: முதலிடத்தைத் தயங்காமல் தேடுபவருக்குத் தருவேன். துப்புகளைத் தேடிப் பூட்டிய அறையிலிருந்து வெளியேற வேண்டிய இந்தத் தப்பிக்கும் அறை ஆட்டங்களில் ஒரு குழு நகர முடியாமல் நிற்கிறது என்றால், புதிருக்கு வேண்டிய ஏதோ ஒரு பொருள் இன்னும் கண்ணில் படவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்; புதிரின் கடினம் அதற்கு அடுத்ததுதான். நீங்கள் விளையாடும் ஆட்டம் குரோஷியாவைச் சேர்ந்த பைன் ஸ்டுடியோ 2021இல் வெளியிட்டது. அதில் அறையிலுள்ள ஏராளமான பொருள்களைக் கையில் எடுத்துச் சுழற்றி, அடிப்பக்கம் வரை பார்க்கலாம். அந்த வசதியே தேடுவதற்கு இவ்வளவு மதிப்பைக் கொடுக்கிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான்கு சின்னங்கள் கொண்ட ஒரு பூட்டின் முன் எங்கள் குழு இருபது நிமிடம் தவித்தது. மூன்று சின்னங்கள் ஒரு புத்தகத்தில் கிடைத்துவிட்டன. நான்காவதற்காக அந்தப் புத்தகத்தையே திரும்பத் திரும்பப் புரட்டி, இல்லாத அர்த்தங்களையெல்லாம் கற்பித்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், ஆட்டம் தொடங்கிய இரண்டாம் நிமிடமே எங்களில் ஒருவர் எடுத்துப் பார்த்து ஓரமாக வைத்துவிட்ட மெழுகுவர்த்தித் தாங்கியின் அடியில் அது பொறிக்கப்பட்டிருந்தது. அவர் பக்கவாட்டில் பார்த்தார், கவிழ்த்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, கையில் எடுத்த பொருளை ஆறு பக்கமும் பார்க்காமல் கீழே வைப்பதில்லை என்பது எங்கள் குழுவின் விதி.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தேடுபவர் கண்டதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “நீல நிறச் சாவி, கைப்பிடியில் முக்கோணம்” என்று உரக்கச் சொன்னால்தான், முக்கோண ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவர் திரும்பிப் பார்ப்பார். பத்துப் பொருள்களைக் கண்டெடுத்துவிட்டு மௌனமாக இருப்பவரை நான் மூன்றாம் இடத்துக்கு இறக்கிவிடுவேன்.

இரண்டாம் இடம் உங்களுக்கு. கட்டளையிடுவதற்காக இந்த இடத்தைத் தரவில்லை. எந்தப் பூட்டு திறந்தது, எந்தத் துப்பு பயன்பட்டுவிட்டது, எது இன்னும் மிச்சம் என்ற கணக்கை வைத்திருப்பதற்காகத் தருகிறேன். பயன்பட்ட பொருள்களை அறையின் ஒரு மூலையில் தனியாகக் குவித்து வைக்கச் சொல்லுங்கள். அதே சாவியை மூன்று பேர் மூன்று முறை முயலும் வீண் வேலை அதோடு நின்றுவிடும். மூன்றாம் இடம் புதிரோடு உட்காருபவருக்கு. அவருடைய அறிவைக் குறைத்து மதிப்பிடவில்லை. பாதித் துப்புகளோடு உட்கார்ந்தால் எவ்வளவு கூர்மையான மூளையும் காற்றில் கோட்டை கட்டத் தொடங்கிவிடும் என்பதே என் கவலை. நான்காம் இடம் பூட்டைத் திருகுபவருக்கு; அதைப் பற்றி அடுத்த கேள்வியிலேயே பேச வேண்டியிருக்கிறது.

கேள்வி: எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பூட்டைத் திறப்பது ஏமாற்று வேலை என்று என் தங்கை சண்டை போடுகிறாள். அது தவறா?

பதில்: தவறில்லை, எப்போது செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான்கு இலக்கப் பூட்டில் 10,000 சாத்தியங்கள் உள்ளன. ஒரு முயற்சிக்கு இரண்டு விநாடி என்று வைத்துக்கொண்டாலும் எல்லாவற்றையும் முயன்று முடிக்க ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே பூட்டில் மூன்று இலக்கங்கள் உறுதியாகத் தெரிந்து ஒன்று மட்டும் ஐயமாக இருந்தால், பத்தே முயற்சிகள், இருபது விநாடிகள். நான்கு வெவ்வேறு எண்கள் தெரிந்து வரிசை மட்டும் தெரியாவிட்டால் 24 முயற்சிகள். விசைப்பலகையில் மூன்று எண்கள் மட்டுமே தேய்ந்திருந்து, கடவு எண் நான்கு இலக்கமாக இருந்தால், அவற்றில் ஒன்று இருமுறை வருகிறது என்று பொருள். அப்போதும் 36 முயற்சிகளில் வேலை முடிந்துவிடும். ஆகவே துப்புகள் சாத்தியங்களை இந்த அளவுக்குக் குறைத்த பிறகு திருகுவது நியாயமான உத்தி. அதற்கு முன் திருகுவது நேரத்தைக் கொட்டிக் கவிழ்ப்பதாகும்.

உங்கள் தங்கையின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. முயன்று திறந்த பூட்டுக்கு உரிய துப்பு அறையில் எங்கோ பயன்படாமல் கிடக்கும். குழுவில் மற்றவர்கள் அதைக் கண்டெடுத்து, அது எதற்கு உரியது என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எனவே அப்படித் திறந்தால் உடனே அறிவித்துவிடுங்கள்.

கேள்வி: நோட்டுப் புத்தகம், ஸ்கிரீன்ஷாட், ஆட்டத்திலேயே உள்ள கருவிகள், சிக்கிக்கொண்டால் ஆட்டமே வழிகாட்டும் குறிப்பு வசதி, யூடியூப் விளக்க வீடியோ ஆகியவற்றுள் எதை முதலில் நாட வேண்டும்?

பதில்: காகிதமும் பென்சிலும்தான் என் முதல் தேர்வு. ஸ்கிரீன்ஷாட் காட்சியைச் சேமிக்கிறது. வரைந்து பார்க்கும்போதோ, கடிகாரத்தின் முள் ஏன் ஒற்றைப்படை எண்களில் மட்டும் நிற்கிறது என்பது போன்ற கேள்வி தானாக எழுகிறது. கை வரையும்போது கண் கூடுதலாகக் கவனிக்கிறது என்பதைப் பலமுறை உணர்ந்திருக்கிறேன். நுணுக்கமான வரைபடம், நீண்ட சின்ன வரிசை போன்றவற்றுக்கு மட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நாடலாம்.

எஸ்கேப் சிமுலேட்டரில் ஒரு பொருளைத் திரையின் ஓரத்தில் பொருத்தி வைக்கும் வசதி இருக்கிறது. அதற்கு இரண்டாம் இடம் தருவேன். கடிதத்தைப் பொருத்தி வைத்துக்கொண்டு பூட்டின் முன் நின்றால், இரண்டுக்கும் இடையே நடந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை.

ஃபயர்புரூஃப் கேம்ஸ் 2012இல் வெளியிட்ட ‘தி ரூம்’ ஆட்டத்தில் வரும் கண்ணாடி வில்லையை இந்த வரிசையில் சேர்க்க முடியாது. வெறும் கண்ணுக்குத் தெரியாதவற்றை அது காட்டுகிறது. அதில்லாமல் ஆட்டம் நகரவே நகராது. அதன் வழியாக ஒவ்வொரு பரப்பையும் ஒருமுறையாவது பார்த்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அதே ஆட்டத்தின் குறிப்பு வசதி நன்றாக அமைந்தது. முதல் குறிப்பு திசையை மட்டும் சுட்டும். நேரம் செல்லச் செல்ல அடுத்தடுத்த குறிப்புகள் தெளிவாகும். முதல் குறிப்பைப் படித்ததும் திரையை மூடிவிட்டு மறுபடி தேடுங்கள்.

விளக்க வீடியோ கடைசி. தேடிய விடையோடு அடுத்த இரண்டு புதிர்களின் விடையும் கண்ணில் விழுந்துவிடுகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட வழியில்லை.

கேள்வி: கண்களை மறைத்து அணியும் விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டில் விளையாடினாலும் இதே வரிசைதானா?

பதில்: காகிதம் அங்கே செல்லாது, ஹெட்செட் அணிந்தவருக்குக் காகிதம் தெரியாது. ஆட்டக் காட்சியைத் தொலைக்காட்சித் திரையில் காட்டி, வெளியே இருப்பவர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதுபவர் பல நேரங்களில் விளையாடுபவரை முந்திக்கொண்டு விடையைக் கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: நானும் என் கணவரும் ‘வி வேர் ஹியர்’ தொடங்கினோம். ஒவ்வொரு முறையும் சண்டையில்தான் முடிகிறது. நாங்கள் இருவருமே நன்றாகத் தேடுகிறோமே!

பதில்: டோட்டல் மேஹெம் கேம்ஸ் 2017இல் வெளியிட்ட அந்த ஆட்டத்தில் என் வரிசை தலைகீழாகிவிடும். அங்கே இருவரும் வெவ்வேறு இடங்களில் அகப்பட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு வேண்டியது மற்றவரின் கண் முன் இருக்கிறது. இடையே இருப்பது ஒரு வாக்கி டாக்கி மட்டுமே. ஆகவே முதலிடம் விவரித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு. “பாம்பு மாதிரி ஒன்று” என்றால் எதிரில் இருப்பவருக்கு நான்கு பாம்புகள் தெரியும். “மூன்று வளைவு, கடைசி வளைவின் கீழே ஒரு புள்ளி” என்றால் ஒன்றுதான் பொருந்தும். தமிழ் எழுத்துகள் இதற்குப் பெரிதும் கைகொடுக்கின்றன. “‘ழ’வின் வால் போலக் கீழே சுழித்திருக்கிறது” என்று சொன்னால் விளக்கமே தேவைப்படாது. கேட்டவர் அதையே திருப்பிச் சொன்ன பிறகுதான் எதையும் அழுத்த வேண்டும் என்று உங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: எனக்குச் சேர்ந்து விளையாட ஆள் இல்லை. தனியாக விளையாடுவது குறைவானதா?

பதில்: சிறிதும் இல்லை. ஜப்பானியரான தோஷிமித்சு தகாகியின் ‘கிரிம்சன் ரூம்’ என்ற இணைய ஆட்டம் 2004இல் வந்தபோது, உலகம் முழுவதும் மக்கள் அதைத் தனியாகத்தான் விளையாடினார்கள்; ஆள்கள் கூடி விளையாடும் நிஜ அறைகளை தகாவோ காத்தோ என்பவர் ஜப்பானின் கியோத்தோவில் தொடங்கியது 2007இல்தான். தனியாக ஆடும்போது நான்கு பேரின் வேலையும் உங்களுடையது என்பதால், அவற்றை ஒரே நேரத்தில் செய்யாமல் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் எந்தப் பூட்டையும் தொடாமல் தேடுங்கள், கண்டதை எழுதுங்கள், பிறகு எழுதியதை ஒருமுறை உரக்கப் படியுங்கள். காதில் விழும்போது, கண்ணுக்குத் தப்பிய தொடர்பு சில நேரம் பிடிபட்டுவிடுகிறது.