கள்ளுக்கடை இருந்த இடம் எது?

கேள்வி: ஓமலூர் வட்டத்திலுள்ள எங்கள் ஊரின் வரலாற்றை எழுதி வருகிறேன். மதுவிலக்குக்கு முன்பு ஊரில் இரண்டு கள்ளுக்கடைகளும் ஒரு சாராயக்கடையும் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இடத்தைக் கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுகிறார்கள். ஆவணங்களைக் கொண்டு உறுதிசெய்ய வழி உண்டா?
– வாசகர், ஓமலூர்

பதில்: உண்டு. ஆனால், அவர்கள் சொல்வது எந்த மதுவிலக்கை என்பதை முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைத் தொடங்கியது நம் சேலம் மாவட்டத்தில்தான். 1943இல் அது நிறுத்திவைக்கப்பட்டு, 1946 முதல் படிப்படியாகத் திரும்பி, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் கடைகள் திறந்தன, 1974க்குள் மூடின. 1981இல் மறுபடி திறந்தவை 1987 தொடக்கத்தில் மூடப்பட்டன. ஆகவே, இன்று எண்பது வயதானவர் தம் கண்ணால் கண்ட கடை பெரும்பாலும் 1971க்குப் பிந்தையதாகவே இருக்கும். அதற்கு முந்தையதை அவர் தம் தகப்பனார் வாயால் கேட்டிருப்பார். ஆளுக்கொரு திசையைக் காட்டுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம், எல்லோர் சொல்வதும் சரியாகவும் இருக்கலாம்.

1937க்கு முந்தைய கடைகள் 1886ஆம் ஆண்டு சென்னை ஆப்காரிச் சட்டத்தின் (மது விற்பனையையும் அதன் வரியையும் முறைப்படுத்திய சட்டம்) கீழ் ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டவை. ஏல அறிவிப்புகளைச் சேலம் மாவட்ட அரசிதழ்களிலும், கடைகளைத் திறப்பது, மூடுவது, இடம் மாற்றுவது பற்றிய கடிதப் போக்குவரத்தை வருவாய் வாரிய நடவடிக்கைகளிலும் தேட வேண்டும். இவற்றுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத்தான் செல்ல வேண்டும். லெ ஃபானு தொகுத்த 1883ஆம் ஆண்டு மாவட்டக் கையேட்டையும் ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918ஆம் ஆண்டு விவரச்சுவடியையும் புரட்டலாம். ஆயினும் அவை மாவட்ட அளவிலான நூல்கள், உங்கள் ஊர்க் கடையின் இடத்தை அவற்றில் எதிர்பார்க்க வேண்டாம். பழைய கணக்குகளில் பசலி ஆண்டு (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) மட்டும் இருந்தால் அதனுடன் 590ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்: பசலி 1347 என்பது 1937 ஜூலையில் தொடங்கி 1938 ஜூனில் முடிவது, அதாவது கடைகள் மூடப்பட்ட ஆண்டு.

இவற்றால் கடை இருந்தது உறுதியாகும். ஆனால் குத்தகைதாரர் மாறும்போது கடையும் இடம் மாறியிருக்கக்கூடும் என்பதால், இடத்தைக் கண்டறிய என் கணிப்பில் சார்பதிவாளர் அலுவலகமே மேலானது. பழைய கிரயப் பத்திரங்களில் நான்கெல்லை எழுதும்போது, ‘கள்ளுக்கடைக்குப் போகும் தடத்துக்குத் தெற்கு, சின்ன ஓடைக்கு மேற்கு’ என்பதுபோல் அக்கம்பக்கத்தை அப்படியே எழுதிவைப்பது வழக்கம். விற்றவரும் வாங்கியவரும் கடையைப் பற்றி எதையும் நிறுவ முயலாததால் இந்தச் சாட்சியத்தை நம்பலாம். 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்துகளுக்கான முதல் புத்தகத்தையும் அதன் இரண்டு அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம். இரண்டாம் அட்டவணை சொத்து இருக்கும் இடத்தைக் கொண்டு தொகுக்கப்படுவது. உங்கள் ஊர்ப் பெயரில் 1920 முதல் 1937 வரை பார்த்தால் போதும். கிடைக்கும் புல எண்ணை வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேட்டிலும் (புல எண் வாரியான நில விவரப் பதிவேடு) புலப்படத்திலும் அந்தத் துண்டு நிலத்தை அடையாளம் காணலாம். மறு நில அளவையில் எண்கள் மாறியிருந்தால் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டையும் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: குத்தகை எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பெயர்களைக் குறிப்பிடலாமா?
– அதே வாசகர்

பதில்: அது அன்று அரசே ஏலம் விட்ட தொழில், அரசிதழிலோ பதிவுகளிலோ அச்சாகியிருக்கும் பெயரை ஆண்டுடன் குறிப்பிடுவதில் தவறில்லை. எனினும், அச்சுக்குப் போகுமுன் அந்தக் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பழைய உரிமமோ ரசீதோ அவர்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கவும் கூடும். வாய்மொழியாக மட்டும் வரும் பெயர்களை விட்டுவிடுங்கள். குத்தகை எடுத்தவர், கடையில் உட்கார்ந்து விற்றவர், மரமேறிக் கள் இறக்கியவர் ஆகிய மூவரும் வேறு வேறு ஆட்களாக இருந்திருக்கலாம். ஊர்ப் பேச்சில் மூவரும் ‘கள்ளுக்கடைக்காரர்’தான்.