கீழே உள்ள எண்ணைத் தொடாதீர்கள்: வேதியியல் கேள்வி-பதில்

குளோரினின் அணு நிறை 35.5 என்கிறார்கள். அப்படியானால் அரை நியூட்ரான் உண்டா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, கீழக்கரை)

கிடையாது. இயற்கையில் கிடைக்கும் குளோரினில் ஏறத்தாழ முக்கால் பங்கு அணுக்களின் நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் மொத்த எண்ணிக்கை) 35, மீதியுள்ளவற்றுக்கு 37. இவற்றின் சராசரியே 35.5.

உப்பளத்தில் கடல்நீர் காய்ந்து உப்பு மூலக்கூறுகள் உருவாவது வேதி மாற்றந்தானே? (வாலிநோக்கம்)

இல்லை. சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் கடல்நீரில் முன்பே இருக்கின்றன; நீர் ஆவியாகப் போனதும் அவை படிகமாக அடுக்கிக்கொள்கின்றன, அவ்வளவே. அந்தப் படிகத்தில் தனித்த மூலக்கூறு என்று எதுவும் இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றுள் முதலில் கால்சியம் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும், அதன் பிறகே சாப்பாட்டு உப்பும் பிரிகின்றன. மெக்னீசியம் குளோரைடு கடைசிவரை நீரில் நிற்கும். அந்தக் கசப்பு நீரை வடித்துவிடாமல் பாத்தியோடு காயவிட்டால், உப்பு மழைக்காலத்தில் கசிந்து ஈரமாகிக்கொண்டே இருக்கும்.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் சமன்பாட்டில் வலப்புறம் ஓர் ஆக்சிஜன் குறைந்தது. நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே 2 போட்டேன். இரண்டு பக்கமும் சமமாகியும் மதிப்பெண் தரவில்லை. இது நியாயமா? (பத்தாம் வகுப்பு மாணவர், தொண்டி)

நியாயந்தான். நீங்கள் எழுதியது தண்ணீர் அன்று, ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணைக் கழுவவும் துணியை வெளுக்கவும் பயன்படும் அந்தத் திரவத்தைத் தண்ணீர் என்று நம்பி ஒருவர் குடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் வரும் கடிதங்களில் இந்தப் பிழை இருக்கிறது. குற்றம் முழுவதையும் மாணவர்கள்மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. சமன் செய்வதை எண் விளையாட்டாகக் கற்பிக்கிறோம். முக்கியமான சமன்பாடுகள் என்று ஒரு பட்டியலை அச்சடித்துக் கொடுத்து, அதை மனப்பாடம் செய்தவனுக்கு முழு மதிப்பெண்ணும் தருகிறோம். அம்புக்குறிக்கு இருபுறமும் நிற்பவை நிறம், எடை, மணம் உள்ள பொருள்கள் என்பதை வகுப்பில் ஒருமுறைகூடச் சொல்வதில்லை. வாய்பாட்டில் கீழே நிற்கும் சிறிய எண் அந்தப் பொருளின் அடையாளம்; அது இணைதிறனால், அதாவது ஓர் அணு மற்ற அணுக்களோடு சேரும் திறனால் அமைந்தது, உங்கள் வசதிக்காக மாறாது. முன்னால் இடும் எண் மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்தால் இரண்டு நீர் மூலக்கூறு; நிறைக் கணக்கில் நான்கும் முப்பத்திரண்டும் சேர்ந்து முப்பத்தாறு. முடித்தவுடன் இப்படி இருபுறமும் நிறையைக் கூட்டிப் பாருங்கள்.

நிறையைக் கண்ணெதிரே காண வேண்டுமானால் கிளிஞ்சல் சுடும் காளவாசலுக்குப் போய்ப் பாருங்கள். வெந்த கிளிஞ்சலில் வரிகள்கூட அப்படியே இருக்கும், ஆனால் இடுக்கியால் தூக்கினால் எடை பாதியளவுக்குக் குறைந்திருக்கும். கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்; அது தூயதாக 100 கிலோ வெந்தால் 56 கிலோ கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் கலந்துவிடும். எதுவும் அழியவில்லை. மூடிய கலத்தில் எடை பார்த்து பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் இதை நிறுவி, 1789-இல் தம் நூலில் எழுதிவைத்தார்.

சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் வரும் வாயு எது? உடனே பதில் தேவை. (உச்சிப்புளி)

எந்தச் சுண்ணாம்பு என்று எழுதாமல் உடனே பதில் கேட்டால் எப்படி? வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு ஏற்கெனவே தண்ணீர் சேர்த்து நீற்றியது; அதில் தண்ணீர் ஊற்றினாலும் வினை எதுவும் நடக்காது. சுட்ட கிளிஞ்சலைக் கேட்கிறீர்கள் என்றால், அதிலும் புதிய வாயு எதுவும் வருவதில்லை, வினையின் வெப்பத்தில் கொதித்தெழும் நீராவியே புகைபோலத் தெரிகிறது. கால்சியம் ஆக்சைடு 56-உம் நீர் 18-உம் சேர்ந்து 74, கால்சியம் ஹைட்ராக்சைடு. இங்கும் கூட்டிப் பாருங்கள். ஆனால் கூட்டலைவிட முக்கியம் உங்கள் கண். சுண்ணாம்புக் குவியலின்மேல் தண்ணீரைக் கொட்டாதீர்கள். அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வைத்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, சிறிது சிறிதாகச் சுண்ணாம்பை அதில் இடுங்கள். கண்ணில் தெறித்தால் குறைந்தது இருபது நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது ஏன்? (சாயல்குடி)

ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்கள் வேலை செய்யாதபடி சாற்றைக் காரத்தன்மையில் வைக்கத்தான். தடவாவிட்டால் சர்க்கரை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறிக் கள்ளாகிவிடும்.

கழிப்பறைக் கறைக்குப் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றலாமா? (இராமேசுவரம்)

ஒருபோதும் கூடாது. குளோரின் வாயு வரும். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அது உயிரைப் பறிக்கும்.

படகில் இருக்கும் இரும்பு, கிணற்றடி இரும்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கிறது. உப்பு இரும்போடு வினைபுரிந்து துருவாகிறதா? (மண்டபம்)

துருவில் இருப்பவை இரும்பும் ஆக்சிஜனும் நீருந்தான். நீரைத் தள்ளிவிட்டு எழுதினால், நான்கு இரும்பணுவும் மூன்று ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு பங்கு இரும்பு ஆக்சைடு. இங்கும் கீழே உள்ள எண்ணைத் தொடாமல் முன்னால் மட்டுமே எண் இட்டிருக்கிறேன். இரும்பு ஓரிடத்தில் எலக்ட்ரானை இழக்க, வேறோர் இடத்தில் ஆக்சிஜன் அதைப் பெறுகிறது. அந்தச் சுற்று முழுமையடைய இடையில் உள்ள நீர் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். உப்புநீர் அதை நன்றாகச் செய்கிறது. கடற்காற்றில் வந்து படியும் உப்புத் துகள் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்வதால், தண்ணீரில் முழுகாத இரும்பும் தப்புவதில்லை; 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில் துருவோடு போராடுவது ஓயாத வேலையாக இருந்ததற்கும் இதுவே காரணம். படகின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துங்கள். இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை இழப்பதால் அது முதலில் அரிபடும். அந்தக் கட்டியின்மேல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள், அடித்தால் வேலை செய்யாது. பாதியாகத் தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள்.