எதிர்த்துப் பேசிவிட்டு ஆதரித்து வாக்களிப்பது நாடகமா?

கேள்வி: எங்கள் தொகுதியின் மக்களவை உறுப்பினர் ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர். ஒரு மசோதாவின் குறைகளை அவையில் அடுக்கிப் பேசியவர், கடைசியில் அதற்கே ஆதரவாக வாக்களித்தார். இது நாடகம்தானே? முடிவு முன்பே தெரிந்த விவாதத்தில் எதிர்க்கட்சியினர்தான் எதற்காகப் பேசுகிறார்கள்?

பதில்: சட்டத்தின் பார்வையில் பேச்சும் வாக்கும் ஒன்றல்ல. அவையில் பேசியதற்காகவோ வாக்களித்ததற்காகவோ ஓர் உறுப்பினர்மீது நீதிமன்றத்தில் நடவடிக்கை எடுக்க முடியாது என்று அரசமைப்பின் 105ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால், அந்தப் பாதுகாப்பு கட்சியின் நடவடிக்கைக்குப் பொருந்தாது. 1985இல் 52ஆவது திருத்தத்தின் வழியே வந்த, கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையின்படி, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் சார்பில் அறிவிக்கும் கொறடாவின் உத்தரவுக்கு மாறாக, முன் அனுமதியின்றி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, 15 நாள்களுக்குள் கட்சி அதை மன்னிக்காத நிலையில், அவர் பதவி இழக்க நேரிடும். மாற்றுக் கருத்தைப் பேசுவதற்கு அத்தகைய விதி இல்லை. நடத்தையைக் கொண்டே ஒருவர் கட்சியை விட்டு விலகியதாக முடிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 1994இல் கூறியிருப்பதால் முழுச் சுதந்திரம் என்று சொல்ல மாட்டேன். எனினும், ஒரு மசோதாவின் குறையைச் சொல்வது மட்டுமே விலகல் ஆகிவிடாது. உங்கள் உறுப்பினர் சட்டம் விட்டுவைத்த அந்த இடைவெளியில்தான் நின்றிருக்கிறார். அவர் கட்சித் தலைமைக்கு அஞ்சினார் என்று நீங்கள் குறை கூறலாம். பேசாமலே கையுயர்த்திய மற்றவர்களை என்னவென்பது?

எதிர்க்கட்சியினரின் பேச்சைப் பொறுத்தவரை, அது ஆளும் தரப்பின் மனத்தை மாற்றும் என்று அவர்களே நம்புவதில்லை. அமைச்சரிடமிருந்து ஒரு பதிலை வரவழைத்து, அதை அவைக்குறிப்பில் ஏற்றிவிடுவதே அவர்களுடைய முதன்மை நோக்கம். 1959 ஆகஸ்டில், ஆங்கிலோ இந்தியர்களின் நியமன உறுப்பினரான பிராங்க் அந்தோணி, அரசமைப்பு ஏற்ற மொழிகளின் பட்டியலான எட்டாவது அட்டவணையில் ஆங்கிலத்தையும் சேர்க்க வேண்டுமென்று மக்களவையில் வாதாடினார். அந்தக் கோரிக்கை நிறைவேறவில்லை. இன்றுவரை அந்த அட்டவணையில் ஆங்கிலம் இல்லை. ஆனால், மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் துணைமொழியாக நீடிக்கும், அதை முடிவு செய்யும் உரிமை இந்தி பேசாதவர்களுக்கே உரியது என்ற நேருவின் உறுதிமொழி அந்த விவாதத்தில்தான் கிடைத்தது. 1963இல் ஆட்சிமொழிகள் மசோதா வந்தபோது, ஆங்கிலம் 'தொடரும்' என்றில்லாமல் 'தொடரலாம்' என்றிருந்த சொல்லைத் தி.மு.க.வினர் பிடித்துக்கொண்டார்கள், மாநிலங்களவையில் அண்ணா இருந்த நிலையே நீடிக்கட்டும் என்று வாதிட்டார். மசோதா நிறைவேறியது. ஆனால், நேருவின் வாக்கும் சட்டத்தின் வாசகமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது அவைப் பதிவிலேயே நின்றது. 1965இன் போராட்டத்திற்குப் பிறகு, 1967இன் திருத்தம், இந்தியை ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் இசைந்து தீர்மானம் நிறைவேற்றும்வரை ஆங்கிலத்தின் நிலை மாறாது என்று எழுத்தில் வைத்தது. தெருவில் நடந்த போராட்டத்தின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால், அதன் கையில் சுட்டிக்காட்ட ஓர் உறுதிமொழி இருந்ததற்கு, தோற்றுப்போன அந்த விவாதமே காரணம்.

இன்றும் அமைச்சர்கள் அவையில் தரும் வாக்குறுதிகளைப் பின்தொடர, அரசு உறுதிமொழிக் குழு என்றே தனியாக ஒரு குழு இயங்குகிறது.

உங்கள் உறுப்பினரை எடைபோட விரும்பினால், தொலைக்காட்சித் துணுக்குகளை நம்பாமல் நாடாளுமன்ற இணையதளத்தில் உள்ள விவாதப் பதிவைப் படியுங்கள். அவர் பேசியதோடு நின்றாரா, திருத்தம் ஏதும் முன்மொழிந்தாரா என்று பாருங்கள். குரல் வாக்கெடுப்பில் யார் எப்பக்கம் என்ற பெயர்ப்பதிவு இருக்காது. உறுப்பினர்கள் கேட்டுப் பெறும் பிரிவு வாக்கெடுப்பில்தான் அது கிடைக்கும். அதைவிட முக்கியமாக, மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுக்களில் அவர் இடம்பெற்றுள்ள குழுவின் அறிக்கைகளைப் புரட்டுங்கள். அங்கே கேமராவும் இல்லை, வழக்கமாகக் கொறடாவின் உத்தரவும் இல்லை. உடன்படாத உறுப்பினர் தம் மறுப்பை எழுதி இணைக்கலாம். குறை கண்டவர் அங்கேயும் எழுதாமல் விட்டிருந்தால், நாடகம் என்ற உங்கள் சொல்லை அப்போது நான் மறுக்க மாட்டேன்.