தலை தீபாவளிக்கு 12 பேர், கையில் 3,500 ரூபாய்

கேள்வி: என் மூத்த மகளுக்கு இது தலை தீபாவளி. மகள், மாப்பிள்ளையோடு சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளையின் தங்கை மூவரும் வருகிறார்கள். எங்கள் வீட்டில் நான்கு பேர், நாத்தனார் வீட்டில் மூன்று பேர். ஆக 12 பேருக்குக் காலைப் பலகாரமும் மதியச் சாப்பாடும் என் பொறுப்பு. துணிமணி, பட்டாசெல்லாம் வாங்கியாகிவிட்டது. சாப்பாட்டுக்கென்று மிச்சமிருப்பது 3,500 ரூபாய்தான். கல்யாணக் கடனே இன்னும் அடையவில்லை. மோதிரத்தை அடகு வைத்தாவது குறையில்லாமல் செய்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.
- திண்டுக்கல் வாசகி

பதில்: சகோதரி, மோதிரம் விரலிலேயே இருக்கட்டும். 3,500 ரூபாயில் 12 பேருக்கு இரண்டு வேளையும் வயிறாரப் போடலாம். பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. என் தங்கைக்குத் தலை தீபாவளி வந்தபோது அம்மா இலையில் 14 வகை வைத்தார். இனிப்பு மட்டுமே நான்கு. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்ததில் கறிக்குழம்பையும் அளவாகத்தான் வைத்திருந்தார். மாப்பிள்ளை லட்டைத் தொடவில்லை, பாதுஷாவைத் தொடவில்லை. இட்லியைக் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டு, "அத்தை, இன்னும் கொஞ்சம் குழம்பு" என்றார். சட்டியில் கரண்டி உரசும் சத்தம் கூடத்துக்கே கேட்டது. அம்மா அன்று முழுக்க அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார். அதனால் நீங்கள் வகையைக் குறையுங்கள். எதை ஆசையாகக் கேட்பார்களோ அதை மட்டும் சட்டி நிறைய வையுங்கள். நம் பக்கத்தில் தீபாவளிக் காலையில் அது கறிக்குழம்பு. வேறென்ன?

12 பேருக்கு ஒரு கிலோ ஆட்டுக்கறி போதும், குழம்பாக வைத்தால். சுக்கா, வறுவல் என்று போனால் இரண்டு கிலோவும் காணாது. கடைக்காரரிடம் நெஞ்செலும்பும் சேர்த்துக் குழம்புக்குச் சின்னதாக வெட்டித் தரச் சொல்லுங்கள். நாற்பது துண்டுக்குக் குறையாது, ஆளுக்கு மூன்று வரும். அதில் அரைக் கிலோ உருளைக்கிழங்கைப் பெரிதாக நறுக்கிப் போடுங்கள். எலும்புச் சாற்றில் வெந்த உருளைக்கிழங்குக்குக் கறியை விடப் போட்டி அதிகம். மல்லி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள். கசகசாவும் முந்திரியும் விற்கிற விலைக்கு இந்த வருடம் வேண்டாம். ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையைத் தேங்காயோடு சேர்த்து அரைத்து ஊற்றினால் குழம்பு கெட்டியாக நிற்கும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

கறி வாங்குவதில் இன்னொரு வழி உண்டு. உங்கள் தெருவிலோ கணவர் வேலை பார்க்கும் இடத்திலோ யாராவது பங்குக்கறி போடுகிறார்களா என்று விசாரியுங்கள். நாலைந்து வீடு சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி, கறி, எலும்பு, ஈரல் எல்லாவற்றையும் சமமாகக் கூறு போட்டுப் பிரித்துக்கொள்வது நம் ஊர்ப்பக்கம் பழைய வழக்கம். பெரும்பாலும் கடை விலையை விடக் கட்டுப்படியாகும், தீபாவளியன்று விடிகாலையில் கறிக்கடை வரிசையில் கால் கடுக்க நிற்கவும் வேண்டாம்.

இட்லிக்கு ரேஷன் புழுங்கலரிசி பாதி, இட்லி அரிசி பாதியாக ஒன்றேகால் கிலோ, உளுந்து 300 கிராம். அறுபது இட்லி வரும். ஐப்பசி மழையில் மாவு சீக்கிரம் புளிக்காது. முந்தின நாள் மதியமே ஆட்டி வைத்துவிடுங்கள். ராத்திரி ஆட்டினால் காலையில் கல்தான். வடைக்குத் தனியாக அரைக் கிலோ உளுந்து போட்டால் முப்பது, முப்பத்தைந்து வடை தேறும். வெங்காயத்தை எண்ணெய் காய்ந்த பிறகு மாவில் கலந்தால் போதும். முன்னாலேயே கலந்தால் மாவு நீர்த்துக்கொண்டு எண்ணெயைக் குடிக்கும். அதுவும் செலவுதானே.

மதியத்துக்குக் கோழி பிரியாணி. உங்கள் ஊர்க்காரருக்குச் சீரகச் சம்பா பிரியாணியைப் பற்றி நான் சொல்லித் தந்தால் சிரிப்பார்கள், அளவை மட்டும் சொல்கிறேன். காலையில் கனமாகச் சாப்பிட்டிருப்பார்கள் என்பதால் ஒன்றேகால் கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ கோழி போதும். ஆளுக்கொரு அவித்த முட்டை, தயிர்ப் பச்சடி. கடைசியில் ஒரு வாய் ரசம் சோற்றுக்கு ரேஷன் அரிசி கொஞ்சம் வடித்து வையுங்கள். தயிர் வீட்டிலேயே உறை ஊற்றியதாக இருக்கட்டும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து விலைக்குக் கறி 900, கோழி 400, சீரகச் சம்பா 200. இதுவே 1,500 ஆகிவிட்டது. உளுந்து 130. வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, இஞ்சி, பூண்டெல்லாம் 350. எண்ணெய் 200. பாலும் தயிரும் 150, நெய் 150, தேங்காயும் வாழையிலையும் 200, மசாலா சாமான் 100, முட்டை 80, இனிப்புச் சாமான் 240. மொத்தம் 3,100. உங்கள் ஊரில் நூறு இருநூறு முன்னே பின்னே இருக்கும். மீதி 400 ரூபாயைத் தொடாமல் அஞ்சறைப் பெட்டியில் போட்டு வையுங்கள். பண்டிகையன்று எதுவாவது தீரத்தான் செய்யும்.

எண்ணெயை நான் இவ்வளவு குறைவாகப் போட்டிருப்பது ரேஷனை நம்பித்தான். பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம்பருப்பு கிலோ 30, சர்க்கரை 25. மாத ஆரம்பத்திலேயே வாங்கிவிடுங்கள், பண்டிகை நெருங்கினால் "சரக்கு வரலை" என்பார்கள். வடை, முறுக்குக்குப் பாமாயில், குழம்புக்கு நல்ல எண்ணெய். காய்கறிக்கு உழவர் சந்தை. 1999இல் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்ததிலிருந்து எனக்கு அந்தப் பழக்கம். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், பேரம் பேசிப் பேசித் தொண்டை வறளாது. வெங்காயம், உருளைக்கிழங்கு, இஞ்சி, பூண்டை நான்கு நாள் முன்பே வாங்குங்கள். தக்காளியும் கொத்தமல்லியும் மட்டும் கடைசியில்.

இனிப்பில்தான் பலரும் பணத்தைக் கோட்டை விடுகிறோம். கடையில் நெய் இனிப்பு இரண்டு கிலோ வாங்கினால் உங்கள் கறிச் செலவையே தாண்டிவிடும். வீட்டில் ரவா லட்டு பிடியுங்கள். ரவை, ரேஷன் சர்க்கரை, கொஞ்சம் நெய், ஏலக்காய், அவ்வளவுதான். வறுத்த ரவையையும் சர்க்கரையையும் மிக்சியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு நெய்யைச் சுடச்சுட ஊற்றிப் பிடித்தால் உதிராது. அதிரசம் கைவந்த பலகாரம் என்றால் செய்யுங்கள். இல்லையென்றால் தலை தீபாவளியன்று பரீட்சை எழுத வேண்டாம். பாகு பதம் தப்பி, என் அதிரசம் மொத்தமும் எண்ணெயில் கரைந்துபோன ஒரு வருடம் உண்டு. வெல்லம், அரிசி, எண்ணெய் மூன்றும் போச்சு.

நாத்தனாரிடம் முறுக்கு வேலையை ஒப்படையுங்கள். "அண்ணி, உங்க கை முறுக்கு இருந்தா நல்லாயிருக்கும்" என்று கேட்டால் எந்த நாத்தனாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார். சம்பந்தி வீட்டாரிடம் மட்டும் எதையும் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். அது நம் ஊரில் வேறு மாதிரி பேசப்படும்.

மகளிடம் நிலைமையை மறைக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கணக்கு அவளுக்குத் தெரியாததா? மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும், மாமியார் காரம் சாப்பிடுவாரா என்பதையெல்லாம் அவளிடமே கேளுங்கள். மாப்பிள்ளைக்கு மீன்தான் உயிர் என்று தெரியவந்தால் நான் மேலே எழுதியதில் பாதியைக் கிழித்துப் போடலாம்.

குளிர்பானப் பாட்டில்கள் வாங்காதீர்கள். பானகமோ நீர்மோரோ போதும். பரிமாறும்போது இரண்டு துண்டு கறியும் உருளைக்கிழங்குமாக நீங்களே இலையில் வைத்துவிட்டு, குழம்பை மட்டும் கேட்கக் கேட்க ஊற்றுங்கள். மூன்றாவது துண்டை மறு தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சட்டியைக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தால் முதல் பந்தியிலேயே கறி காணாமல் போய்விடும். கடைசியில் உட்காரும் உங்களுக்கு எலும்பு கூட மிஞ்சாது.

முதலிலேயே எழுதியிருக்க வேண்டியதைக் கடைசியில் எழுதுகிறேன். கறிக்குச் சொல்லி வைப்பதற்கு முன்னால் சம்பந்தியம்மாவுக்கு ஒரு போன் போட்டு, அவர்கள் வீட்டில் கேதார கௌரி நோன்பு உண்டா, எந்த நாளில் என்று கேட்டுவிடுங்கள். நோன்பு தீபாவளியன்றே வந்தால் அவர்கள் கறி தொடமாட்டார்கள். அப்படியென்றால் காலையில் இட்லி, வடை, பாசிப்பருப்பு சாம்பார், சட்னி. மதியம் முருங்கைக்காய் சாம்பார், இரண்டு கறிகாய், அப்பளம், பாயசம். கறிக்கும் கோழிக்கும் எடுத்து வைத்த 1,300 ரூபாயில் பெரும்பகுதி அப்படியே கையில் நிற்கும். மறுநாளும் மாப்பிள்ளை இருந்தால் அரைக் கிலோ கறி எடுத்துக் குழம்பு வையுங்கள்.