வீட்டுக் கம்ப்யூட்டரும் வைரஸும்: நெல்லைப் பக்கத்துக் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். வைரஸ் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். என்னிடம் வரும் மெஷின்களில் பெரும்பாலும் வைரஸ் தானாகப் புகுந்திருக்காது, யாராவது கிளிக் செய்து உள்ளே விட்டிருப்பார்கள். அதனால் சாஃப்ட்வேரை விடப் பழக்கத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

கேள்வி (அம்பாசமுத்திரம், ஓய்வு பெற்ற ஆசிரியை): தம்பி, வருஷா வருஷம் காசு கட்டி ஆன்ட்டிவைரஸ் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம் டீச்சர். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற ஆன்ட்டிவைரஸ் கூடவே வருகிறது. வீட்டு உபயோகத்துக்கு அது தாராளமாகப் போதும். ஸ்டார்ட்டில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்து, பச்சை டிக் இருக்கிறதா என்று பாருங்கள். புது லேப்டாப்போடு வேறு ஆன்ட்டிவைரஸ் ட்ரையலாக வந்து காலாவதியாகிக் கிடந்தால், முதலில் அதை நீக்குங்கள். டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும். பாதுகாப்பு கூடட்டும் என்று இரண்டு ஆன்ட்டிவைரஸ் போடாதீர்கள். ஒன்றோடொன்று மோதி மெஷின்தான் மெதுவாகும்.

கேள்வி (சங்கரன்கோவில்): அண்ணாச்சி, பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்து பென்டிரைவை வீட்டில் போட்டேன். எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக நிற்கிறது. மகள் சான்றிதழ் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

பதில்: பதறாதீங்க, சான்றிதழ்கள் பெரும்பாலும் அதிலேயேதான் இருக்கும். இந்த வைரஸ் ஃபைல்களை அழிப்பதில்லை. மறைத்து வைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை நிறுத்திவிடும். ஓரத்தில் சின்ன வளைந்த அம்புக்குறி இருக்கும், அளவைப் பார்த்தால் 1 கேபி, 2 கேபி என்று காட்டும். அதை டபுள் கிளிக் செய்தால் உங்கள் ஃபைலும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். அதனால்தான் பல பேருக்குச் சந்தேகமே வருவதில்லை.

எதையும் திறக்காமல், பென்டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டர் ஸ்கேன் கொடுங்கள். அப்புறம் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். அங்கேயே ‘புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதில் உள்ள டிக்கையும் எடுங்கள். மங்கலாக ஃபோல்டர்கள் தெரியும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் குவிந்து கிடக்கும். படம், பிடிஎஃப் மாதிரி உங்களுக்குத் தெரிந்தவற்றை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, பென்டிரைவை ஃபார்மேட் செய்துவிடுங்கள். கடைசியாக அந்த டிக்கைத் திரும்பப் போட மறக்காதீர்கள். பென்டிரைவைச் செருகிய உங்கள் மெஷினுக்கும் ஒரு ஃபுல் ஸ்கேன் தேவை.

இனி பிரிண்டுக்கு என்று தனியாக ஒரு பென்டிரைவ் வைத்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் அதில் போடுங்கள். பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: அட்மிஷன் சமயத்தில் எத்தனை பிள்ளைகளின் மார்க் ஷீட் உங்கள் மெஷின் வழியாகப் போகிறது! தினமும் கடை திறந்ததும் ஒரு ஸ்கேன் ஓட்டுங்கள்.

கேள்வி (பாளையங்கோட்டை, பொறியியல் மாணவர்): கிராக் சாஃப்ட்வேர் (காசு கட்டாமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைத்த பிரதி) போடும்போது ஆன்ட்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்கிறது. செய்யலாமா சார்?

பதில்: கூடாது தம்பி. காவலை எடு என்று சொல்கிறவன் எதற்குச் சொல்வான்? இந்த வழியாக வருபவற்றில் மோசமானவை, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைச் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டு போகிறவை. மெஷின் நன்றாகத்தான் ஓடும், மெயில் கணக்கு கைவிட்டுப் போன பிறகுதான் தெரியும். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. ஆபீஸ் வேலைக்கு லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. ஏற்கனவே கிராக் போட்டிருந்தால், வேறு ஒரு சுத்தமான மெஷினிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

கேள்வி (தென்காசி, மொத்த வியாபாரம்): கணக்கு ஃபைல் எதுவும் திறக்கவில்லை. பெயரெல்லாம் மாறிப்போச்சு. பணம் கட்டினால்தான் திறக்கும் என்று ஒரு குறிப்பு கிடக்கிறது. கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீங்க அண்ணாச்சி. இது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். கட்டினாலும் அவற்றைத் திறக்கும் சாவி வரும் என்று உத்தரவாதம் இல்லை. முதலில் நெட் ஒயரைப் பிடுங்கி வைஃபையை அணையுங்கள். வேறு ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதையும் கழற்றுங்கள். குறிப்பை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணில் புகார் சொல்லுங்கள். வேறு மெஷினில் ‘நோ மோர் ரேன்சம்’ என்ற தளத்தைப் பாருங்கள். நெதர்லாந்து காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் சில பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-ல் தொடங்கியது அது. சில வகைகளுக்கு அங்கே சாவி இலவசமாகக் கிடைக்கும், எல்லாவற்றுக்கும் கிடைக்காது. இன்றைக்கு இல்லாத சாவி பின்னால் வெளிவரலாம் என்பதால் பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் எடுத்து வையுங்கள்.

மற்றவர்கள் இதைக் கவனியுங்கள். வான்னாகிரை என்ற இதே மாதிரி வைரஸ் 2017 மே மாதம் உலகம் முழுக்க மெஷின்களைப் பூட்டியது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாமல் தள்ளிவைத்தவர்கள்தான் மாட்டினார்கள். அப்புறம் பேக்கப். வெளி ஹார்ட் டிஸ்க்கில் வாரம் ஒரு முறை நகல் எடுங்கள், எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இந்த ஒன்றைச் செய்திருந்தால் கண்ணீரோடு வருகிற பாதிப் பேர் என்னிடம் வரவே வேண்டியிருக்காது.

கேள்வி (வள்ளியூர்): திரை முழுக்க சிவப்பாகி சைரன் மாதிரி சத்தம் வந்தது. ஒரு நம்பருக்குக் கூப்பிடச் சொன்னது.

பதில்: அது வெறும் வெப்சைட் பக்கம்தான் அக்கா. டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடினால் போய்விடும். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் ஃபோன் நம்பர் இருக்காது. கூப்பிட்டு, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் மாதிரி, தூரத்திலிருந்து மெஷினை இயக்க விடும் சாஃப்ட்வேர் ஏதாவது போட்டிருந்தால், உடனே நெட்டைத் துண்டித்துவிட்டு அதை நீக்குங்கள். வங்கிக்கும் 1930-க்கும் சொல்லுங்கள். இதில் தாமதம் கூடாது.

கேள்வி (மேலப்பாளையம்): மெயிலில் பில் என்று பிடிஎஃப் வந்தது. திறந்தால் ஒன்றுமே வரவில்லை.

பதில்: வியூ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ டிக் செய்துவிட்டு பெயரைப் பாருங்கள் பாய். பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ என்று முடிந்தால் அது பில் இல்லை, கிளிக் செய்ததும் ஓடும் ஒரு ப்ரோகிராம். டிஃபெண்டரில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ ஓட்டுங்கள். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாகத் திறப்பதற்கு முன்பே தேடும்.

கேள்வி (நாங்குநேரி): இன்னும் விண்டோஸ் 10தான். பரவாயில்லையா?

பதில்: 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. மெஷின் தாங்கினால் 11-க்கு மாறுங்கள். தாங்காவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடுங்கள், பழைய மெஷினிலும் நன்றாக ஓடும்.

கேள்வி (கல்லிடைக்குறிச்சி): பையன் கேம் என்று எதையாவது இறக்கிக்கொண்டே இருக்கிறான். எப்படித் தடுப்பது?

பதில்: அவனுக்கு ‘ஸ்டாண்டர்டு’ கணக்கு ஒன்று தனியாகப் போட்டுக்கொடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். பெரும்பாலான சாஃப்ட்வேரை நிறுவும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். கேட்டு வந்தால் திட்டாதீர்கள், எந்தத் தளத்திலிருந்து எடுத்தான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நீங்களும் தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்டு கணக்கையே வைத்துக்கொள்வது நல்லது.