ஊசி போட்டும் ஆட்டுச் சொறி ஏன் திரும்பியது?

கேள்வி: குலசேகரம் பக்கம் ஆறு ஆடுகள் வளர்க்கிறேன். இரண்டுக்குக் காது ஓரத்திலும் மூக்கைச் சுற்றியும் முடி கொட்டி, தோல் தடித்துப் பொருக்கு கட்டியது. அந்த இரண்டுக்கும் ஐவர்மெக்டின் ஊசி போட்டோம், குறைந்தது. மூன்றே வாரத்தில் மறுபடி தூணில் உரசுகின்றன. மருந்து சரியில்லையா? என் மகளுக்கும் முன்கையில் அரிப்பு.

பதில்: கண்டுபிடித்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசு வாங்கித் தந்த மருந்து அது, பாவம், அதைத் திட்டாதீர்கள். தவறியது நாள் கணக்கு.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் சொறிப்பூச்சிதான். உண்ணியைப் போல விரலால் பிடுங்கிப் போட முடியாது. வெறும் கண்ணுக்கே சிக்காது. பெண் பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். ஊசி பூச்சியைக் கொல்லும், முட்டையைத் தொடாது. மூன்று நான்கு நாளில் முட்டை பொரிந்து, இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் குஞ்சுகளும் முட்டையிடத் தொடங்கிவிடும். அதனால் 14ஆம் நாள் இரண்டாவது ஊசி போட்டே ஆகவேண்டும். அதுவும் ஆறு ஆடுகளுக்கும். சொறியாத நான்கும் அதே பரணில்தானே படுக்கின்றன?

ஒரு சதவீத மருந்தென்றால் 50 கிலோ எடைக்கு 1 மில்லி, தோலுக்கடியில். 20 கிலோ ஆட்டுக்கு 0.4 மில்லிதான். கண்மதிப்பு வேண்டாம், எடை போட்டுவிடுங்கள். சினை ஆடோ, வீட்டுக்குப் பால் கறக்கும் ஆடோ இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மருந்து பாலிலும் வரும்.

சந்தேகமிருந்தால் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லலாம். பொருக்கின் நடுவில் சுரண்டினால் ஒன்றும் கிடைக்காது. புண்ணும் நல்ல தோலும் சேரும் ஓரத்தில், லேசாக ரத்தம் கசியும்வரை சுரண்டவேண்டும். குட்டிகளுக்கு உதட்டில் மட்டும் பொருக்கு, அரிப்பில்லை என்றால் அது வைரஸ் வாய்ப்புண்ணாக இருக்கலாம். அதற்கு இந்த ஊசி வீண்.

வண்டியில் வடித்த கழிவு ஆயிலைத் தடவும் பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள். ஆடு அதை நக்கும். வயிற்றுக்குள் போவது விஷம்.

குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் இருந்தால் உதிர்ந்த பொருக்கிலும் பூச்சி சில நாள் தாக்குப்பிடிக்கும். ஊசி போடும் அன்றே பரண் பலகை இடுக்கில் சிக்கிய முடி, பொருக்கைக் கூட்டி எரித்துவிடுங்கள். உரசும் தூணையும் தேய்த்துக் கழுவுங்கள்.

மகளைப் பற்றிப் பயப்படவேண்டாம். ஆட்டுப் பூச்சி மனிதத் தோலில் பெருகாது. ஆடுகள் குணமானால் அரிப்பும் அடங்கும். விரல் இடுக்கில் பரவி, இரவில் தூக்கத்தைக் கெடுத்தால் மட்டும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது மனிதருக்கே உரிய சிரங்காக இருக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து மருந்து தடவவேண்டி வரும்.